விலைபோகாத ஊர்

சில ஆண்டுகளுக்கு முன், பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில் மாணவர் பட்டிமன்றத்துக்கு நடுவராகச் சென்றிருந்தேன். ‘நொடித்துப்போன தொழில்களைத் தாங்கிப் பிடிப்பது அரசின் கடமையா, மக்கள் பணத்தின் விரயமா?’ என்பது தலைப்பு. தமிழாசிரியனை இத்தகைய தலைப்புக்கு நடுவராக்குவதில் அழைப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பொருளியல் அறியாதவன், இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சால்வையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். நானும் அவ்வாறே செய்தேன்.

திரும்பும் வழியில் அந்தத் தீர்ப்பு உறுத்தத் தொடங்கியது. விரயம் என்று வாதிட்ட மாணவி ஒருவர், இங்கிலாந்தின் பிரிட்டிஷ் லேலண்ட் கார் நிறுவனத்தை எடுத்துக்காட்டி, அதில் கொட்டிய பணமெல்லாம் விழலுக்கு இறைத்த நீர் என்று முடித்திருந்தார். கடமை என்று வாதிட்ட மாணவரோ அமெரிக்காவின் கிரைஸ்லரைச் சொல்லி, அரசு கைகொடுத்ததால் அது பிழைத்தது, அரசுக்கே ஆதாயமும் ஈட்டித் தந்தது என்றார். இரண்டும் உண்மையானால் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேறுபாடு என்ன? நடுவர் கேட்டிருக்க வேண்டிய அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. அதன்பின் கிடைத்த நேரங்களில் இதைப் பற்றி வாசித்து வந்தேன். நழுவலாகச் சொன்ன அந்தத் தீர்ப்புக்கு மாற்றாக இக்கட்டுரையைக் கொள்ளலாம்.

*

பிரிட்டிஷ் லேலண்ட் நமக்கு முற்றிலும் அந்நியமான பெயர் அன்று. அதன் முன்னோர்கள் நம் சாலைகளில் ஓடியவர்கள். அம்பாசடர் கார், ஆக்ஸ்போர்ட் நகரை ஒட்டிய கௌலியில் உருவான மோரிஸ் ஆக்ஸ்போர்ட் மூன்றாம் வரிசையின் இந்திய வடிவம். எண்ணூரில் 1948இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் முதலில் பூட்டி ஓடவிட்டவை ஆஸ்டின் ஏ40 கார்கள். 1950களில் லேலண்ட் பங்குதாரராக வந்தபின் அது அசோக் லேலண்ட் ஆயிற்று. சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, டிரையம்ப் ஹெரால்டின் மறுபதிப்பு. ஆஸ்டின், மோரிஸ், லேலண்ட், ஸ்டாண்டர்ட் டிரையம்ப் ஆகிய இத்தனை பெயர்களும் 1968இல் ஒரே நிறுவனத்துக்குள் போய்ச் சேர்ந்தன. அந்த நிறுவனத்தின் இதயம் பர்மிங்காம் நகரின் தென்மேற்கு விளிம்பில் இருந்தது. அந்த இடத்தின் பெயர் லாங்பிரிட்ஜ்.

1905இல் ஹெர்பர்ட் ஆஸ்டின் என்பவர் அங்கே கைவிடப்பட்டுக் கிடந்த ஓர் அச்சகக் கட்டடத்தை வாங்கிக் கார் செய்யத் தொடங்கினார். முதல் உலகப் போரில் ஆலை பெருத்தது. தொழிலாளர்கள் தங்க இடமில்லாததால், 1917இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலிருந்து மரவீடுகளைப் பகுதி பகுதியாகக் கப்பலில் தருவித்து ஒரு குடியிருப்பை எழுப்பினார் ஆஸ்டின். அந்த வீடுகளில் பல இன்றும் நிற்கின்றன. ஆலை ஊரை உண்டாக்கியது. தந்தைக்குப் பின் மகன், அவனுக்குப் பின் பேரன் என்று அதே வாயிற்கதவுக்குள் மூன்று தலைமுறைகள் நுழைந்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவின் ஆலைகள் இடிபாடுகளாய்க் கிடந்தன. 1950இல் உலகிலேயே மிக அதிகமாகக் கார் ஏற்றுமதி செய்த நாடு பிரிட்டன்தான். 1952இல் ஆஸ்டினும் மோரிஸும் இணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் ஆயின. இணைந்தன என்பதும் காகிதத்தில்தான். ஒரே காரை ஆஸ்டின் என்ற பெயரில் ஒரு முகவரும், மோரிஸ் என்ற பெயரில் எதிர்க்கடை முகவரும் விற்றுக்கொண்டிருந்தார்கள். 1959இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி வெளிவந்தது. எஞ்சினைக் குறுக்காக வைத்து, முன்சக்கரங்களால் இழுக்கச் செய்து, பத்தடி நீளக் காரில் நால்வர் அமர இடம் தந்த அந்த வடிவமைப்பை உலகின் சிறிய கார்களெல்லாம் பின்னாளில் ஏற்றுக்கொண்டன. ஆனால் ஃபோர்டு பொறியாளர்கள் ஒரு மினியைத் திருகு திருகாகப் பிரித்துப்போட்டுக் கணக்கிட்டு, விற்கும் ஒவ்வொரு வண்டியிலும் 30 பவுண்டு நட்டம் என்று கண்டதாக ஒரு கதை வழங்குகிறது. மேதைமை இருந்தது, கணக்குப்பிள்ளை இல்லை என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

*

அரசின் கை முதன்முதலில் நீண்டது 1975இல் என்று பலரும் எழுதுகிறார்கள். அதற்கு முன்பே அது நீண்டிருந்தது. 1968இல், ஹரால்டு வில்சனின் தொழிற்கட்சி அரசு முன்னின்று நடத்திய திருமணத்தில்தான் பிரிட்டிஷ் லேலண்ட் பிறந்தது. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற பெருநிறுவனங்களோடு போட்டியிட நாட்டுக்கு ஒரு பெருநிறுவனம் வேண்டும் என்ற எண்ணம் அப்போது வலுவாக இருந்தது. நல்ல நிலையில் இருந்த லேலண்ட் லாரி நிறுவனத்தின் தலைவர் டொனால்டு ஸ்டோக்ஸிடம், தள்ளாடிக்கொண்டிருந்த கார் நிறுவனத்தைக் கட்டிவைத்தார்கள். ஆஸ்டின், மோரிஸ், எம்ஜி, டிரையம்ப், ரோவர், ஜாகுவார், லேண்ட் ரோவர் என்று ஒரு பெருங்குடும்பம். ஏறத்தாழ நாற்பது ஆலைகள். ரோவரும் டிரையம்பும் ஒரே வாடிக்கையாளருக்காக ஒன்றோடொன்று போட்டியிட்டன. எதை மூடுவது, எதை வைத்துக்கொள்வது என்ற கேள்வியைக் கேட்டால் ஏதேனும் ஓர் ஊர் அழும். ஆகவே அதை யாரும் கேட்கவில்லை.

அடுத்த ஏழாண்டுகளில் எல்லாம் சேர்ந்து வந்தன. செய்துமுடித்த எண்ணிக்கைக்கேற்பக் கூலி என்ற பழைய முறையை மாற்றி நிலையான நாட்கூலியைக் கொண்டுவந்தார்கள். வேலையின் வேகத்தை இனி மேற்பார்வையாளர்கள் கவனிக்க வேண்டும். அதற்கான பயிற்சியோ ஆட்களோ போதவில்லை. ஒரு பிரிவில் இருபது பேர் வெளிநடப்புச் செய்தால் ஆயிரக்கணக்கானோர் வேலையின்றி நிற்கும் அளவுக்கு ஆலைகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தன. 1973இல் பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச்சந்தையில் சேர்ந்ததும் வெளிநாட்டுக் கார்களுக்குக் கதவு அகலத் திறந்தது. அதே ஆண்டு எண்ணெய் நெருக்கடி. அதே ஆண்டு ஆஸ்டின் அலெக்ரோ என்ற புதிய காரைச் சதுரமான ஸ்டியரிங்கோடு வெளியிட்டார்கள். வட்டத்தை எதற்குச் சதுரமாக்க வேண்டும் என்று மக்கள் சிரித்தார்கள்.

1974 டிசம்பரில் கையிருப்பு தீர்ந்தது. அரசு உத்தரவாதம் தந்தால்தான் வங்கி பணம் தரும் என்ற நிலை. டான் ரைடர் தலைமையில் குழு அமைக்கப்பட்டு, 1975 ஏப்ரலில் அறிக்கை வந்தது. அரசு பெரும்பான்மைப் பங்குகளை எடுத்துக்கொண்டு, அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 140 கோடி பவுண்டு வரை தரலாம் என்றது அறிக்கை. உள்நாட்டில் ஏறத்தாழ 1,70,000 பேர் அந்நிறுவனத்தில் வேலை செய்தனர். அவர்களுக்கு உதிரிபாகம் தந்த பட்டறைகள் மிட்லண்ட்ஸ் பகுதி முழுதும் பரவியிருந்தன. அந்தச் சூழலில் அரசு வேறென்ன செய்திருக்க முடியும் என்று இன்று யோசித்தாலும் விடை எளிதன்று. சந்தையிடம் விட்டிருந்தால் நல்ல பகுதிகளை யாரேனும் வாங்கியிருப்பார்கள் என்பார்கள் சிலர். எண்ணெய் நெருக்கடிக்குப் பிந்தைய அந்த ஆண்டில் வாங்கும் நிலையில் இருந்தவர் யார்? 1974இல் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகனே பெருநட்டத்தில் இருந்தது. பிரான்ஸில் சிட்ரோயன் நொடித்து, அரசின் ஏற்பாட்டில் பெஜோவிடம் போய்க்கொண்டிருந்தது.

ஆகவே கைகொடுத்தது பிழை என்று நான் கருதவில்லை. கைகொடுத்த முறையில்தான் பிழை இருந்தது. ரைடர் அறிக்கை, சந்தை வளரும், நிறுவனத்தின் பங்கும் குறையாது, ஆதலால் எந்த ஆலையையும் மூட வேண்டியதில்லை என்ற கணக்கில் எழுதப்பட்டது. எல்லா ஊரையும் காப்பாற்றுவதாகச் சொன்ன அறிக்கை அது. அரசு கொடுத்த பணத்துக்கு உண்மையில் கிடைத்தது ஒன்றே ஒன்று: அவகாசம். அந்த அவகாசத்துக்குள் என்ன நடந்தாக வேண்டும், நடக்காவிட்டால் என்ன என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை.

அதே 1975இன் இறுதியில் இன்னொரு நாடகமும் நடந்தது. அமெரிக்க கிரைஸ்லரின் பிரிட்டிஷ் கிளை, பணம் தராவிட்டால் மூடிவிட்டுப் போய்விடுவோம் என்றது. அரசு 16.25 கோடி பவுண்டு வரை உதவ ஒப்புக்கொண்டது. அதன் ஆலைகளுள் ஒன்று ஸ்காட்லாந்தின் லின்வுட்டில் இருந்தது. வேலையில்லாப் பகுதிக்கு வேலை வர வேண்டும் என்று அரசே வற்புறுத்தி 1963இல் திறக்கச் செய்த ஆலை அது. 1978இல் கிரைஸ்லர் தன் ஐரோப்பியக் கிளைகளைப் பெஜோவிடம் விற்றுவிட்டுப் போனது. 1981இல் லின்வுட் மூடப்பட்டது. பணம் வாங்கியவர் ஒருவர், மூடியவர் வேறொருவர், ஊர் மட்டும் அங்கேயே இருந்தது.

*

1977இல் மைக்கேல் எட்வர்ட்ஸ் தலைவராக வந்தபின்தான் கேட்கப்படாத கேள்விகள் கேட்கப்பட்டன. லிவர்பூலின் ஸ்பீக் ஆலை 1978இலும், எம்ஜியின் ஆபிங்டன் ஆலை 1980இலும் மூடப்பட்டன. 1979இல் தன் திட்டத்தை அவர் தொழிலாளரிடமே வாக்கெடுப்புக்கு விட்டார். மிகப் பெரும்பான்மையினர் ஆதரித்தனர். அந்தத் திட்டத்தை எதிர்த்த துண்டுப் பிரசுரத்தில் கையெழுத்திட்டதற்காக லாங்பிரிட்ஜின் தொழிற்சங்கத் தலைவர் டெரெக் ராபின்சன் அதே நவம்பரில் வேலைநீக்கம் செய்யப்பட்டார். அவரைப் பத்திரிகைகள் அரக்கனாகச் சித்திரித்தன. மோசமான வடிவமைப்புக்கும் தரமின்மைக்கும் நிர்வாகத்தின் குழப்பத்துக்கும் சேர்த்து ஒரே மனிதர் பழி சுமந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. வேலைநிறுத்தங்கள் நிறுவனத்தைக் காயப்படுத்தின என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அலெக்ரோவுக்குச் சதுர ஸ்டியரிங் வைத்தது தொழிற்சங்கமா?

1979 மே மாதம் மார்கரெட் தாட்சர் ஆட்சிக்கு வந்தார். அரசு தொழிலில் தலையிடலாகாது என்பதை வேதமாகக் கொண்டவர். அவருடைய தொழில் அமைச்சர் கீத் ஜோசஃப் அவரினும் தீவிரமானவர். அந்த இருவரும் இருந்த அரசுதான் 1981 ஜனவரியில் பிரிட்டிஷ் லேலண்டுக்கு 99 கோடி பவுண்டு தருவதாக அறிவித்தது. வேலையின்மை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. மூடினால் வேலையற்றோருக்குத் தர வேண்டிய உதவித்தொகையும் இழக்கும் வரியும் அச்சுறுத்தின. மிட்லண்ட்ஸின் தேர்தல் தொகுதிகளும் கண்முன் இருந்தன. கொள்கையளவில் ஒருபோதும் தர மாட்டேன் என்றவர்களும் தந்தார்கள் என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். ‘தரலாமா, கூடாதா’ என்ற பட்டிமன்றத் தலைப்பு நடைமுறையில் எழுவதே இல்லை. ஆயிரக்கணக்கானோர் ஆலை வாயிலில் நிற்கும்போது எந்த அரசும் ஏதோ ஒரு வகையில் தருகிறது. எப்படித் தருகிறது என்பதே கேள்வி.

எட்வர்ட்ஸின் காலத்தில் நடந்த மற்றொரு நல்ல காரியம், 1979இல் ஜப்பானின் ஹோண்டாவோடு செய்துகொண்ட ஒப்பந்தம். 1981 முதல் ஹோண்டாவின் வடிவமைப்பில் கார்கள் வரத் தொடங்கின. தரம் என்றால் என்னவென்று கௌலித் தொழிலாளரும் லாங்பிரிட்ஜ் தொழிலாளரும் செய்துகாட்டினார்கள். கற்றுக்கொடுத்தால் கற்றுக்கொள்ளக்கூடிய கைகள்தாம் அவை.

பிறகு விற்பனைப் படலம். ஜாகுவார் 1984இல் தனியே பிரிக்கப்பட்டுப் பங்குச்சந்தைக்குப் போயிற்று. 1986இல் எஞ்சிய கார்ப் பிரிவை ஃபோர்டுக்கு விற்க அரசு பேசிய செய்தி கசிந்தபோது, நாட்டின் கடைசிப் பெரிய கார் நிறுவனத்தை அந்நியருக்கு விற்பதா என்று ஆளுங்கட்சியிலேயே கொந்தளிப்பு எழுந்தது, அரசு பின்வாங்கியது. 1988இல் விமானம் செய்யும் பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ் நிறுவனத்துக்கு 15 கோடி பவுண்டுக்கு விற்றார்கள். ஆறாண்டுகள் கழித்து, 1994இல், அந்நிறுவனம் அதை ஜெர்மனியின் பிஎம்டபிள்யூவுக்கு 80 கோடி பவுண்டுக்கு விற்றது. பதினைந்தாண்டுகள் தோள்கொடுத்த ஹோண்டா விலகிக்கொண்டது. தேசப்பற்றின் பெயரால் 1986இல் மறுக்கப்பட்டது, கணக்கின் பெயரால் எட்டாண்டுகளில் நடந்தேறியது.

பிஎம்டபிள்யூவாலும் நட்டத்தைத் தாங்க முடியவில்லை. 2000இல் லேண்ட் ரோவரை ஃபோர்டுக்கு விற்று, மினியைத் தனக்கென வைத்துக்கொண்டு, லாங்பிரிட்ஜையும் ரோவரையும் ஒரு குழுவுக்குக் கொடுத்தது. விலை 10 பவுண்டு. பத்துக் கோடியோ பத்து லட்சமோ இல்லை; பத்தே பவுண்டு. ஆலை மூடப்படும் என்று அஞ்சிப் பல்லாயிரம் பேர் பர்மிங்காம் தெருக்களில் ஊர்வலம் போயிருந்தார்கள்; ஆகவே அந்தக் குழுவினரை மீட்பர்கள் என்று வரவேற்றார்கள். தலைமையிலிருந்த ஐவர், ஊதியமும் ஓய்வூதியமுமாக ஏறத்தாழ 4.2 கோடி பவுண்டு எடுத்துக்கொண்டதைப் பின்னாளில், 2009இல், அரசின் விசாரணை அறிக்கை சொன்னது.

2005 ஏப்ரலில் எல்லாம் முடிந்தது. மே 5 அன்று பொதுத்தேர்தல். சீனாவின் ஷாங்காய் நிறுவனத்தோடு பேச்சு நடக்கும் வரை தொழிலாளருக்கு ஒரு வாரக் கூலி கொடுக்க அரசு 65 லட்சம் பவுண்டு கடன் தந்தது. முப்பதாண்டுகளுக்கு முன் ஆண்டுக்கணக்கில் வாங்கித் தந்த அவகாசம், கடைசியில் ஒரு வாரமாகச் சுருங்கியிருந்தது. பேச்சு முறிந்தது. லாங்பிரிட்ஜில் ஏறத்தாழ 6,000 பேர் வேலை இழந்தார்கள். மறுபயிற்சிக்கும் புது வேலைக்கும் அமைக்கப்பட்ட பணிக்குழு ஓரளவு நன்றாகவே இயங்கியது. சில ஆண்டுகளில் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு வேலையில் அமர்ந்தார்கள். ஆனால் பலரும் முன்பு பெற்றதைவிடக் குறைந்த கூலிக்கே போக நேர்ந்தது.

*

கிரைஸ்லர் கதை இதிலிருந்து எங்கே வேறுபடுகிறது?

1979இல் கிரைஸ்லரும் கையிருப்பற்று நின்றது. அதன் தலைவர் லீ அயகோக்கா வாஷிங்டன் போய்க் கையேந்தினார். 1980 ஜனவரியில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், அரசு நேரே பணம் தருவதற்கு மாறாக, கிரைஸ்லர் வாங்கும் கடனுக்கு 150 கோடி டாலர் வரை பிணை நிற்க வழிசெய்தது. அதற்கு ஈடாக வங்கிகள், உதிரிபாகம் தருவோர், விற்பனை முகவர்கள், தொழிலாளர் என எல்லாருமாகச் சேர்ந்து ஏறத்தாழ 200 கோடி டாலர் அளவுக்கு விட்டுக்கொடுத்தாக வேண்டும் என்று சட்டமே விதித்தது. தொழிலாளர் கூலியைக் குறைத்துக்கொண்டனர். தொழிற்சங்கத் தலைவர் டக்ளஸ் ஃபிரேசருக்கு நிர்வாகக் குழுவில் இடம் கிடைத்தது. அயகோக்கா ஓராண்டுச் சம்பளமாக ஒரு டாலர் பெற்றார். பிணை நின்றதற்காக அரசு, 1.44 கோடி பங்குகளைக் குறித்த விலைக்கு வாங்கும் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டது. 1983இல், தவணைக்கு ஏழாண்டுகள் முன்பே கடன் அடைந்தது. அந்தப் பங்குரிமையை ஏலம் விட்டதில் அரசுக்கு 31.1 கோடி டாலர் கிடைத்தது.

அந்த மாணவர் சொன்னது உண்மைதான். அவர் சொல்லாமல் விட்டதும் உண்டு. 1981இல் அமெரிக்க அரசின் அழுத்தத்தால் ஜப்பான், ஆண்டுக்கு 16.8 லட்சம் கார்களுக்கு மேல் அமெரிக்காவுக்கு அனுப்புவதில்லை என்று ‘தானாக முன்வந்து’ ஒப்புக்கொண்டது. அதனால் கார் விலை உயர்ந்தது. அந்தச் செலவைச் சுமந்தது வாங்கியவர்கள். கிரைஸ்லரின் வெற்றிக்கு அயகோக்காவின் ஒரு டாலர் சம்பளத்தைவிட அந்த வேலிதான் அதிகம் உதவியிருக்கக்கூடும்.

2008இல் நெருக்கடி மறுபடி வந்தது. மூன்று பெருநிறுவனங்களின் தலைவர்கள் தனித்தனியே சொந்த விமானத்தில் வந்திறங்கி நாடாளுமன்றத்தில் உதவி கேட்டது நாடு முழுதும் நகைப்புக்கும் கோபத்துக்கும் உள்ளானது. செனட் மறுத்தபின், அதிபர் புஷ் டிசம்பரில் 1,740 கோடி டாலர் கடனை அறிவித்தார். அடுத்து வந்த ஒபாமா, இரு நிறுவனங்களும் அளித்த திட்டங்களை 2009 மார்ச்சில் ஏற்க மறுத்து, கிரைஸ்லருக்கு முப்பது நாள், ஜெனரல் மோட்டார்ஸுக்கு அறுபது நாள் என்று கெடு வைத்தார். ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் பதவி விலக நேர்ந்தது. ஏப்ரல் 30 அன்று கிரைஸ்லரும், ஜூன் 1 அன்று ஜெனரல் மோட்டார்ஸும் திவால் நீதிமன்றத்துக்குப் போயின. பங்குதாரர் முற்றாக இழந்தனர், கடன் கொடுத்தோர் பெரும்பகுதி இழந்தனர். போன்டியாக், சாட்டர்ன் போன்ற பெயர்கள் மூடப்பட்டன. மொத்தம் ஏறத்தாழ 8,000 கோடி டாலர் போட்டு, ஆயிரம் கோடி டாலருக்குச் சற்றே குறைவாக அரசு இழந்தது. இரு நிறுவனங்களும் பிழைத்தன. ஆயினும், 2013 ஜூலையில் டெட்ராய்ட் மாநகராட்சியே திவாலானது. நிறுவனத்தைக் காப்பாற்றினால் ஊர் தானாகப் பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

ஆக, அமெரிக்காவில் அவகாசத்துக்குக் கெடு இருந்தது. இழப்பை யார் யார் சுமப்பது என்பது முன்பே எழுதப்பட்டது. பிரிட்டனில் இரண்டும் இல்லை. அரசுடைமைதான் தீங்கு என்பாரும் உண்டு. 1945இல் அரசுடைமையான பிரான்ஸின் ரெனோ 1996 வரை அரசிடம் பெரும்பான்மைப் பங்கோடு இயங்கி, இன்றும் நிற்கிறது. உடைமை யாருடையது என்பதைவிட, கடினமான கேள்வியைக் கேட்கும் துணிவு யாருக்கு இருந்தது என்பதே பெரிது.

*

இந்த வரலாற்றை வாசிக்கும்போது வேறொன்றையும் கவனித்தேன். நிறுவனம் சாகும்போது அதன் உறுப்புகள் ஒவ்வொன்றாகப் பயணம் போகின்றன. மோரிஸ் ஆக்ஸ்போர்டின் அச்சுகள் வங்காளத்தின் உத்தர்பாராவுக்கு வந்து, கௌலியில் மறக்கப்பட்ட காரை அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடவிட்டன. ரோவர் எஸ்டி1 காரின் அச்சுகள் வண்டலூருக்கு வந்து, பழைய எஞ்சின் பூட்டப்பட்டு, 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெயரில் வெளிவந்தன. சில ஆண்டுகளில் அதுவும் நின்றுபோயிற்று. 2005க்குப் பின் லாங்பிரிட்ஜின் இயந்திரங்கள் பிரிக்கப்பட்டுக் கப்பலேறி சீனாவின் நான்ஜிங்குக்குப் போயின. எம்ஜி என்ற பெயர் இன்று ஷாங்காய் நிறுவனத்திடம் இருக்கிறது. அந்நிறுவனம் சீன அரசுக்குச் சொந்தமானது. பிரிட்டிஷ் அரசு வைத்துக்கொள்ள முடியாத பெயரை மற்றோர் அரசு வைத்திருக்கிறது. ஜாகுவாரும் லேண்ட் ரோவரும் ஃபோர்டிடம் போய், 2008இல் 230 கோடி டாலருக்கு டாட்டாவிடம் வந்தன. மினி பிஎம்டபிள்யூவிடம். அம்பாசடரை எடுத்துக்கொள்ளுங்கள்: 2014இல் உத்தர்பாரா ஆலை வேலையை நிறுத்தி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் தெருவில் நின்றார்கள். 2017இல் ‘அம்பாசடர்’ என்ற வெறும் பெயரை பெஜோ 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது.

பெயர் விலைபோகிறது. அச்சு, இயந்திரம், வரைபடம், நிலம் எல்லாம் விலைபோகின்றன. சந்தை அவற்றைக் காப்பாற்றிக்கொள்ளும். அரசு கவலைப்பட வேண்டியதில்லை. விலைபோகாதவை இரண்டு. நாற்பத்தைந்து வயதில் ஒரே வேலையை மட்டும் கற்றிருக்கும் மனிதன். அவன் வீடு வாங்கியிருக்கும் ஊர். பிரிட்டிஷ் அரசு முப்பதாண்டுகள் காப்பாற்ற முயன்றது பெரும்பாலும் விலைபோகக்கூடியவற்றை. நாட்டின் மானம் என்று ஒரு பெயரை. விலைபோகாதவற்றைப் பற்றிய பணிக்குழு 2005இல், எல்லாம் முடியும் தறுவாயில்தான் தீவிரமாக இயங்கியது. அதை 1975இலேயே, கையில் அவகாசம் இருந்தபோதே அமைத்திருக்க வேண்டும்.

இதை நான் வெளியிலிருந்து சொல்லவில்லை. என் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. தனியார் நட்டத்தில் கைவிட்ட அந்த ஆலையை 1970களில் அரசு எடுத்துக்கொண்டது. அது லாபம் காட்டிய ஆண்டு ஒன்றை அப்பா சொல்லிக் கேட்டதில்லை. ஆயினும் மாதச் சம்பளம் வந்தது. அந்தச் சம்பளத்தில் நான் முதுகலை படித்தேன். தங்கை ஆசிரியப் பயிற்சி முடித்தாள். அரசின் பேரேட்டில் பார்த்தால் நாங்கள் இருவரும் ஒரு நட்டக் கணக்கின் இரண்டு வரிகள். விரயம் என்று அந்த மாணவி சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது அதனால்தான்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அப்பா ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகளில் ஆலை மூடப்பட்டது. அவரைவிட இருபது வயது இளையவர்கள் நடுவயதில் வெளியே வந்தார்கள். அரசு வாங்கித் தந்த அவகாசம் எங்கள் வீட்டுக்குச் சரியாகப் போதுமானதாக இருந்தது, அது தற்செயல். அவர்களுக்கு அது போதவில்லை. இருபதாண்டுகளில் அவர்களுக்கு வேறொரு தொழிலைக் கற்றுத்தர வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்பாவின் நண்பர் ஒருவர் கடைசிவரை ஒரு துணிக்கடையில் இரவுக் காவலாளியாக இருந்தார். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போதெல்லாம், ‘வாடா மாப்பிள்ளே, அப்பா சௌக்கியமா?’ என்பார். அவருக்கு நேரே பார்த்துப் பதில் சொல்ல எனக்கு ஏனோ கூச்சமாக இருக்கும்.

ஆகவே என் தீர்ப்பை இப்போது சொல்கிறேன். நொடித்த கார் நிறுவனத்துக்கு அரசு கைகொடுக்கலாம். சில வேளைகளில் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் அது கொடுப்பது அவகாசம் என்பதை வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கெடு எப்போது, இழப்பில் முதலாளிக்கும் கடன் தந்தவருக்கும் எத்தனை பங்கு என்பதை முதல் நாளே எழுத வேண்டும். நிறுவனம் பிழைக்காமல் போனால் அந்த ஊருக்கும் ஆட்களுக்கும் என்ன என்பதையும் அதே நாளில், அதே தாளில் எழுத வேண்டும். அந்தக் கடைசி வரி இல்லாத எந்த மீட்புத் திட்டமும், எத்தனை கோடியானாலும், லாங்பிரிட்ஜ் தொழிலாளருக்குக் கொடுத்த அந்த ஒரு வாரக் கூலியின் நீட்சிதான்.

லாங்பிரிட்ஜில் 2016இல் கார் பூட்டும் வேலை முற்றாக நின்றது. ஆலை இருந்த நிலத்தின் பெரும்பகுதியில் இன்று கடைகளும் வீடுகளும் கல்லூரியும் இருக்கின்றன. மிச்சிகனிலிருந்து வந்த மரவீடுகள் அருகே அப்படியே நிற்கின்றன. அவற்றைக் கட்டிய ஆலை போய்விட்டது. அவற்றில் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.